புரசைவாக்கத்து குளோப்

சென்னைப் புரசைவாக்கத்தில் ராக்ஸி என்றொரு திரையரங்கு இருந்ததை முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் முதற்பெயர் குளோப் என்பதும், அதை எழுப்பியவர் ரகுபதி வெங்கையா என்பதும் அவர்களிலும் பலர் அறியாதவை. தெலுங்குத் திரையுலகின் தந்தை என்று ஆந்திரம் அவரைப் போற்றுகிறது. அவர் பெயரால் விருதும் ஏற்படுத்தியது. ஆனால், அவர் ஈட்டியதும் இழந்ததும் சென்னையில்தான். பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், அவரை நான் ஒரு முதலீட்டாளராகவே காண்கிறேன்.

1869-இல் மசூலிப்பட்டினத்தில் பிறந்த வெங்கையா, இளமையிலேயே சென்னைக்கு வந்து புகைப்படக் கலைஞரானார். சொந்தமாக நிலையம் வைத்தார். தொழிலும் நன்றாகவே நடந்தது. நாற்பது வயதை எட்டிய ஒருவர் அத்துடன் அமைதி கொண்டிருக்கலாம். அவரோ 1909 வாக்கில், அந்த நிலையத்தையே ஈடு வைத்து, ஏறக்குறைய 30,000 ரூபாய்க்கு குரோனோமெகாபோன் என்ற கருவியை வாங்கினார். ஓடும் படத்தோடு இசைத்தட்டின் ஒலியை இணைத்துத் தரும் கருவி அது. அந்நாளில் அத்தொகைக்கு நல்ல நிலபுலன்களே வாங்கியிருக்கலாம்.

விக்டோரியா பொதுக்கூடத்தில் படம் காட்டினார். பிறகு கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு பெங்களூரு, இலங்கை, பர்மா என்று ஊர் ஊராகச் சென்றார். எங்கள் மாரண்டஹள்ளிப் பக்கத்தில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த டூரிங் கொட்டகைத் தலைமுறை எங்களுடையது. அந்தக் கொட்டகைகளுக்கெல்லாம் முன்னோடிகள் இத்தகைய கூடாரங்களே.

1914-இல் அண்ணா சாலையை ஒட்டி கெயிட்டி அரங்கைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் நிலையான திரையரங்கு அது. அதுவரை அத்தொழில் வெள்ளையர் கையில் இருந்தது. தொடர்ந்து தங்கசாலைத் தெருவில் கிரௌன், புரசைவாக்கத்தில் குளோப்.

குளோப் என்றதும் நினைவுக்கு வருவது லண்டனில் ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் அரங்கேறிய கொட்டகை. 1599-இல் தேம்ஸ் நதியின் தென்கரையில் எழுந்த அது, பார்வைக்கு வட்டமானது. உண்மையில் பல பட்டைகள் கொண்ட மரக்கட்டடம். நடுவே கூரையில்லாத முற்றம். எளியவர்கள் அங்கே நின்றபடியே பார்ப்பார்கள். மேடையின் மூன்று புறமும் கூட்டம் சூழ்ந்திருக்கும். எங்கள் மாவட்டத் தெருக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

கட்டட அமைப்பைவிட என்னைக் கவர்வது அதன் கணக்கு வழக்கு. அதன் உரிமையில் பாதி பர்பேஜ் சகோதரர்களுடையது. மறுபாதி ஷேக்ஸ்பியர் உள்ளிட்ட ஐந்து நடிகர்களுடையது. லாபமும் நட்டமும் பலர் தோளில் இருந்தன. 1613-இல் நாடகம் நடந்துகொண்டிருந்தபோதே, பீரங்கி வெடித்த பொறி கூரையில் பற்றி அரங்கு சாம்பலாயிற்று. பங்குதாரர்கள் செலவைப் பகிர்ந்துகொண்டனர். அடுத்த ஆண்டே புதிய குளோப் எழுந்தது.

வெங்கையா தம் தொழிலைத் தொடங்கியபோது அவருக்கிருந்த காப்பு, அடகுக்குப் போன அந்தப் புகைப்பட நிலையம் மட்டுமே. திரைப்படம் என்ற புதுத் தொழிலை நம்பிக் கடன் தரும் வங்கி அன்று ஏது? இன்று தொடக்க நிறுவனங்களுக்கு முதலீடு திரட்டுவது பற்றிக் கருத்தரங்குகள் நடக்கின்றன. அவற்றில் இவர் பெயரை நான் கேட்டதேயில்லை.

அரங்குகள் தந்த வருவாயோடு அவர் நிற்கவில்லை. மகன் பிரகாஷைத் திரைத்தொழில் கற்க வெளிநாட்டுக்கு அனுப்பினார். மகன் திரும்பியதும் ஸ்டார் ஆஃப் தி ஈஸ்ட் என்ற படநிறுவனம் உருவானது. 1921-இல் பீஷ்மப் பிரதிக்ஞை என்ற மௌனப்படம் வெளிவந்தது. காட்டுவதில் கிடைத்ததை எடுப்பதில் போட்டார் என்று சுருங்கச் சொல்லலாம். படத்தயாரிப்பு அரங்குத் தொழிலைப் போல அன்றாடம் காசு தருவதன்று. நிறுவனம் நீடிக்கவில்லை.

வெங்கையா 1941-இல் சென்னையிலேயே காலமானார். ராக்ஸியாகப் பெயர் மாறிய குளோப், அவர் மறைந்த பின்னரும் பல்லாண்டுகள் படம் காட்டிக்கொண்டிருந்தது.