கரியால் பஸ் ஓட்டிய திருக்குறுங்குடிக்காரர்

டி. வி. சுந்தரம் ஐயங்கார் வரலாறு

1942-ம் ஆண்டு. உலக யுத்தம் உச்சத்தில் இருந்தது.

பிப்ரவரி மாதம் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. மார்ச் மாதம் ரங்கூன் விழுந்தது. ஏப்ரல் மாதத்தில், பர்மாவின் எண்ணெய்க் கிணறுகள் பகைவன் கைக்குப் போய்விடக் கூடாது என்று பிரிட்டிஷ்காரர்களே அவற்றைத் தகர்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள்.

எங்கோ பர்மாவில் எண்ணெய்க் கிணறு எரிந்தால் திருநெல்வேலிக்கு என்ன?

என்னவா? பஸ் நின்றுவிடும்!

அந்தக் காலத்தில் நம் நாட்டுக்குப் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் பெருமளவு பர்மாவிலிருந்துதான் வந்தன. மலேயா ரப்பர் விளையும் சீமை. இரண்டும் ஒரே சமயத்தில் போய்விட்டன. இருக்கிற பெட்ரோல் ராணுவத்துக்கு. மிச்சம் இருந்தால்தான் மற்றவர்களுக்கு. அதுவும் கூப்பன் கணக்கில் அளந்து கொடுத்தார்கள்.

பஸ்ஸை நம்பிப் பிழைத்தவர்கள் கொஞ்சமா? டிரைவர், கண்டக்டர், பட்டறைத் தொழிலாளி, சந்தைக்குக் கூடை கொண்டு போகிற கிழவி, ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளைத்தாய்ச்சி... எல்லோரும் திகைத்து நின்றார்கள்.

அப்போது மதுரையில் ஒரு பெரியவர் இருந்தார். வயது 65. பஸ் தொழிலில் இறங்கி 30 ஆண்டு ஆகியிருந்தது. அவர் பெட்ரோலுக்காகக் கைகட்டிக் காத்திருக்கவில்லை. பஸ்ஸின் பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டினார். பஸ் ஓடியது.

அவர்தான் டி. வி. சுந்தரம் ஐயங்கார்.

மலை அடிவாரத்து ஊர்

மகேந்திரகிரி மலையின் அடிவாரத்தில், நம்பியாற்றின் கரையில் இருக்கிறது திருக்குறுங்குடி. திருநெல்வேலியிலிருந்து தெற்கே நாங்குநேரி, ஏர்வாடி வழியாகப் போகவேண்டும். அழகிய நம்பி கோயில் கொண்ட ஊர். வைணவர்களின் 108 திருப்பதிகளில் ஒன்று.

அந்த ஊரைச் சேர்ந்த குடும்பத்தில் 1877-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி சுந்தரம் ஐயங்கார் பிறந்தார்.

அவர் பிறப்பதற்கு முந்தின ஆண்டில்தான் திருநெல்வேலிக்கு முதன் முதலாக ரயில் வந்தது. அதைப் பார்க்க ஜனங்கள் திரண்டார்கள். ஆனால் ரயில் நிலையத்தில் இறங்கியபிறகு? மாட்டு வண்டிதான். இல்லாவிட்டால் நடைதான். திருக்குறுங்குடிக்குப் போகவேண்டுமானால் ராத்திரி முழுவதும் வண்டியில் குலுங்கிக்கொண்டு போகவேண்டும்.

தண்டவாளம் போகாத ஊருக்கு யார் வண்டி விடுவது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப்போகிறவர் அப்போது தொட்டிலில் கிடந்தார்!

வக்கீல் வேலை பிடிக்கவில்லை

மகன் வக்கீலாக வேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. அதன்படி சுந்தரம் ஐயங்கார் சட்டத் தொழிலில் இறங்கினார். மனம் ஒட்டவில்லை. பிறகு ரயில்வேயில் வேலை பார்த்தார். அப்புறம் பாங்கியில் உத்தியோகம்.

மாதம் பிறந்தால் சம்பளம் வரும் உத்தியோகம். அதையும் உதறினார்!

அதே காலத்தில் அதே ஜில்லாவைச் சேர்ந்த இன்னொரு வக்கீலும் சொந்தத் தொழிலில் இறங்கி இருந்தார். அவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். வெள்ளைக்காரன் அவரைச் சிறையில் தள்ளினான். 1911-ல் அந்தக் கம்பெனி கலைக்கப்பட்டது.

அதே 1911-ல்தான் மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் கம்பெனி பிறந்தது. ஒருவர் கடலில் வண்டி விட்டார். இன்னொருவர் கரையில் விட்டார். இரண்டும் ஒரே மண்ணில் முளைத்தவை.

1912-ல் பஸ் போக்குவரத்து தொடங்கியது. புதுக்கோட்டைச் சீமையில் கிராமங்களுக்குப் பஸ் விட்ட முன்னோடி அவர்தான். அன்றைய ரோடு இன்றைய ரோடு அல்ல. கப்பி ரோடு. மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் புழுதி. அதில் பஸ் விடுகிறேன் என்றால் ஜனங்கள் நம்புவார்களா?

மணி தவறாத பஸ்

அவர் நம்ப வைத்தார். எப்படி?

புறப்படும் நேரம் என்று ஒன்றைச் சொன்னால் அந்த நேரத்துக்குப் பஸ் புறப்பட்டாக வேண்டும். ஆள் நிறையட்டும் என்று நிறுத்தி வைக்கக் கூடாது. டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று மதுரைப் பக்கம் பழைய ஆட்கள் சொல்வது உண்டு.

இன்னொரு விஷயமும் சொல்வார்கள். ரோட்டில் மாட்டு லாடத்து ஆணிகள் உதிர்ந்து கிடக்கும். பஸ் டயரில் ஏறினால் பஞ்சர். அதனால் முதல் பஸ் போவதற்கு முன்பே ஒரு வண்டி பெரிய காந்தத்தை இழுத்துக்கொண்டு போகுமாம். ஆணிகளை எல்லாம் காந்தம் பொறுக்கிவிடும். பின்னால் வரும் பஸ்ஸுக்குப் பஞ்சர் இல்லை!

இது வெறும் சாமர்த்தியம் என்று நினைக்க வேண்டாம். பெட்ரோல் சிக்கனமும் இதில் இருக்கிறது. காற்று இறங்கிய டயரில் ஓடும் வண்டி பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். நேரம் தவறிய டிரைவர் அதை ஈடுகட்ட வண்டியை விரட்டுவார். விரட்டினால் பெட்ரோல் போகும். என்ஜினைத் துடைத்து, திருகைச் சரி பார்த்து, ஒரே சீராக ஓட்டினால் அதே ஒரு லிட்டரில் கூடுதல் தூரம் போகலாம். பழுது வந்தபின் பார்ப்பதைவிட, வராமல் பார்த்துக்கொள்வது என்ற வழக்கத்தை அவருடைய பட்டறைகள் கடைப்பிடித்தன.

இப்போது பந்தயக் கார் போன்ற பெரிய கார்கள் வருகின்றன. கம்பெனிக்காரர்கள் தாளில் ஒரு கணக்குப் போடுகிறார்கள். ஊர் நெரிசலில் ஓட்டிப் பார்த்தால் லிட்டருக்கு 5, 6 கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிது. உள்ளே இருப்பவர்கள் இரண்டே பேர்! அந்தக் காலத்துப் பஸ் லிட்டருக்கு மூன்றரைக் கிலோமீட்டர் ஓடினாலும், 20 பேரைச் சுமந்துகொண்டு ஓடியது. ஆளுக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் எது சிக்கனம் என்று பள்ளிப் பிள்ளை கூடச் சொல்லிவிடும்.

கரி வாயு எப்படி வேலை செய்தது?

யுத்த காலத்துக்கு வருவோம்.

அடுப்புக்கரியைக் கொண்டு மோட்டாரை ஓட்டலாம் என்பது ஐரோப்பாவில் முன்பே தெரிந்திருந்தது. பிரான்ஸ் நாட்டில் ஜார்ஜ் இம்பேர் என்பவர் 1920-களிலேயே விறகில் ஓடும் வண்டிக்கு வழி செய்தார். யுத்தம் வந்ததும் சுவீடன், ஜெர்மனி, பிரான்ஸ் நாடுகளில் லட்சக்கணக்கான வண்டிகள் விறகிலும் கரியிலும் ஓடின.

ஆனால் அது நம் நாட்டுக் கரிக்கும், நம் நாட்டுப் பஸ்ஸுக்கும், நம் நாட்டு வெயிலுக்கும் பொருந்த வேண்டாமா? சுந்தரம் ஐயங்கார் அதற்கேற்ற கருவியை வடிவமைத்துத் தம் பட்டறையிலேயே தயாரித்தார். அதற்கு டி.வி.எஸ். காஸ் பிளாண்ட் என்று பெயர்.

அந்த வகைக் கருவி எப்படி வேலை செய்யும் தெரியுமா?

பஸ்ஸின் பின்புறம் ஓர் இரும்புக் கொப்பரை. அதில் கரியை நிரப்பி அடியில் தீ வைப்பார்கள். சாதாரண அடுப்பில் காற்று தாராளமாகப் போகும். கரி முழுவதும் எரிந்து சாம்பலாகும். இந்தக் கொப்பரையிலோ காற்றைக் கொஞ்சமாகத்தான் விடுவார்கள். அதனால் கரி அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகும். அந்த வாயு எரியக்கூடியது. அதைக் குளிர வைத்து, தூசியை வடிகட்டி, காற்றோடு கலந்து என்ஜினுக்குள் விட்டால் பெட்ரோல் ஆவி செய்கிற வேலையை அது செய்யும்.

கணக்கு என்ன? ஒரு காலன் பெட்ரோல் செய்யும் வேலைக்கு ஏறக்குறைய 12 முதல் 14 ராத்தல் கரி வேண்டும். அதாவது லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நூறு மைல் ஓடப் பத்து காலன் பெட்ரோல் குடிக்கிற பஸ்ஸுக்கு 140 ராத்தல் வரை கரி. அறுபது கிலோவுக்குக் கொஞ்சம் மேலே.

கரிக்குப் பஞ்சம் இல்லை. நெல்லைச் சீமையில் உடைமரம் காடாய் வளரும். அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுடுவது பழைய தொழில். பர்மாவிலிருந்து கப்பல் வரவேண்டியது இல்லை. பக்கத்துக் காட்டிலிருந்து மாட்டு வண்டி வந்தால் போதும்.

கஷ்டமும் இருந்தது

இதைக் கேட்டால் எல்லாம் சுலபம் என்று தோன்றும். அப்படி அல்ல.

கரி வாயுவில் பாதிக்கு மேல் நைட்ரஜன். அது எரியாது. என்ஜினுக்குள் போய் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே நூறு குதிரைச் சக்தி உள்ள என்ஜின் ஐம்பது, அறுபதுக்கு இறங்கிவிடும். தாமிரபரணிக் கரையோரம் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி என்று சமவெளியில் ஓடும் பஸ் ஒருவாறு தாக்குப் பிடிக்கும். செங்கோட்டை தாண்டி மலை ரோட்டில் ஏறினால் முக்கி முனகும். சில இடங்களில் பயணிகள் இறங்கித் தள்ளவும் வேண்டும்.

காலையில் புறப்படுவதும் லேசு அல்ல. கிளீனர் பையன் விடிவதற்கு முன்பே வந்து கரியைப் போட்டு, கைப்பிடியைச் சுற்றிக் காற்று ஊதி, வாயு நன்றாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். சாயங்காலம் சாம்பலை வாரி, வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். முகமெல்லாம் கரி. சட்டையெல்லாம் கரி. இந்தப் பையன்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் யுத்த காலத்தில் பஸ் ஓடியதில் பாதிப் பங்கு அவர்களுடையது என்பேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கார்பன் மோனாக்சைடு விஷ வாயு. நிறம் கிடையாது, மணம் கிடையாது. அடைத்த கொட்டகையில் கொப்பரையை மூட்டினால் ஆளைக் கொன்றுவிடும். திறந்த வெளியில்தான் மூட்ட வேண்டும். குழாயில் கசிவு இருக்கக் கூடாது.

இவ்வளவு தொல்லை இருந்தும் தென்னாட்டு ரோடுகளில் கரி பஸ்கள் ஓடின. தாத்தா, பாட்டி யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். கரி பஸ்ஸில் போன கதையைத் தங்கள் பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பார்கள்.

தேய்ந்த டயருக்கு மறு பிறவி

கரியால் என்ஜின் ஓடிவிட்டது. டயருக்கு என்ன செய்வது? மலேயா ரப்பர்தான் போய்விட்டதே!

அதற்கும் ஒரு வழி கண்டார். தேய்ந்துபோன டயரைத் தூக்கி எறியாமல், அதன்மேல் புது ரப்பரை வைத்துச் சூட்டில் ஒட்டவைக்கும் தொழிற்சாலையைத் தொடங்கினார். ரீட்ரெடிங் என்று இன்றைக்கு எல்லா லாரிக்காரர்களும் சொல்கிறார்களே, அதுதான்.

வீட்டிலே ஒரு சோதனை

தொழிலில் இவ்வளவு துணிந்தவருக்கு வீட்டிலும் ஒரு சோதனை வந்தது.

அவருடைய மகள் சௌந்தரம் 1904-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே கல்யாணம். சிறு வயதிலேயே கணவரையும் இழந்தார். அன்றைய வழக்கப்படி அந்தப் பெண் மூலையில் உட்கார வேண்டியதுதான். ஆனால் உட்காரவில்லை. டில்லிக்குப் போய் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்து 1936-ல் டாக்டர் ஆனார்! 1940-ல் காந்தி அடிகளின் ஆசியோடு ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். திண்டுக்கல் அருகே 1947-ல் காந்திகிராமத்தை உண்டாக்கிய டாக்டர் சௌந்தரம் அம்மாள் இவர்தான். ஆசாரமான குடும்பத்தில் அன்று இது சின்னக் காரியம் அல்ல.

கடைசிக் காலம்

யுத்தம் முடிந்தது. மெல்ல மெல்லப் பெட்ரோல் வந்தது. பஸ்களின் முதுகிலிருந்து கொப்பரைகள் இறங்கின. பிறகு டீசல் வண்டிகள் பெருகின.

சுந்தரம் ஐயங்காரின் தொழிலும் பெருகியது. மதராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ், சதர்ன் ரோட்வேஸ் என்று பல கிளைகள் விட்டன. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்றவர்களில் 1950-களில் சுந்தரம் மோட்டார்ஸ்தான் பெரியது. பிள்ளைகள் பொறுப்பை ஏற்றார்கள்.

1955-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி சுந்தரம் ஐயங்கார் காலமானார். அப்போது அவருக்கு வயது 78.

1972-ல் மதுரைப் பக்கத்து டி.வி.எஸ். பஸ்களை அரசு எடுத்துக்கொண்டது. அவை பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்கள் ஆயின. அதற்குள் குடும்பத்தார் சக்கரம், பிரேக், திருகாணி என்று மோட்டார் உறுப்புகள் செய்யும் ஆலைகளில் இறங்கி இருந்தார்கள். 1980-ல் ஓசூரிலிருந்து ஒரு சின்ன வண்டி வந்தது. என்ஜின் 50 சி.சி.தான். இரண்டு பேர் உட்காரலாம். டி.வி.எஸ். 50 என்று பெயர். பால் கேன், வாழைத்தார், உர மூட்டை என்று எதை ஏற்றினாலும் வயல் வரப்பு ஓரமாக அது ஓடியது. திருக்குறுங்குடித் தெருக்களிலும் ஓடியது.