சுங்க அதிகாரி தொடங்கிய 'சூனியக்காரர்' மதம்: யார் இந்த ஜெரால்டு கார்ட்னர்?

பௌர்ணமி இரவில் மெழுகுவத்தி ஏற்றுவது, அலமாரி ஓரத்தில் ஒரு கத்தி, ஒரு கிண்ணம், கொஞ்சம் உப்பு, தண்ணீர் வைத்து சின்னதாக ஒரு பூஜை மேடை அமைப்பது, வருஷத்துக்கு 8 பருவகாலப் பண்டிகைகள் கொண்டாடுவது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அலுவலகம் போய்வருகிற சாதாரண ஆட்கள் செய்கிற விஷயங்கள் இவை. 'நான் ஒரு விட்ச்' என்று அவர்களில் பலர் வெளிப்படையாகவே சொல்லிக்கொள்வார்கள். இந்த மதத்தின் பெயர் விக்கா. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் சுமார் 13,000 பேர் விக்கா என்றும், சுமார் 74,000 பேர் பேகன் என்றும் பதிவு செய்திருக்கிறார்கள்.

இது ஆதிகாலத்து மதம் என்று நினைத்துவிட வேண்டாம். இதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலையைத் தொடங்கி, மலாயாவில் சுங்க அதிகாரியாக ஓய்வுபெற்ற ஒரு ஆங்கிலேயர்.

பள்ளிக்கூடம் போகாத பையன்

ஜெரால்டு கார்ட்னர் 1884-ல் லிவர்பூல் அருகே, மர வியாபாரம் செய்த பணக்காரக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே கடுமையான ஆஸ்துமா. குளிர் ஒத்துக்கொள்ளாததால், வளர்ப்புத் தாதியோடு வெப்பமான ஊர்களுக்கு அனுப்பிவைத்தார்கள். ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தானாகவே கற்றுக்கொண்டார்.

அந்தத் தாதி, இலங்கையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒருவரைத் திருமணம் செய்தார். 1900-ல் அவர்களோடு இலங்கைக்குப் போனார் கார்ட்னர். பிறகு போர்னியோ, மலாயா என்று ரப்பர் தோட்ட வேலை. 1923 முதல் ஜொகூரில் அரசு வேலை. போன இடமெல்லாம் உள்ளூர்க்காரர்களின் சடங்கு, மந்திரம், நம்பிக்கை பற்றி விசாரித்துக்கொண்டே இருப்பார். மலாய் மக்கள் சக்தி உள்ளதாகக் கருதும் கிரிஸ் கத்தி பற்றி 1936-ல் ஒரு புத்தகமே எழுதினார். விக்கா பூஜை மேடையில் இன்றும் கத்திக்கு முக்கிய இடம் இருப்பதற்கு இந்த மோகமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

காட்டுக்குள் என்ன நடந்தது?

1936-ல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பியவர், நியூ ஃபாரஸ்ட் காட்டுப்பகுதி அருகே குடியேறினார். 1939-ல் அங்கே ரகசியமாக இயங்கிய ஒரு குழு தன்னைச் சேர்த்துக்கொண்டது என்பது அவர் சொன்ன கதை. கிறிஸ்தவத்துக்கு முந்தைய மதம் ஒன்று ஒளிந்து ஒளிந்து உயிர்பிழைத்து வந்திருக்கிறது என்று அவர் நம்பினார். மார்கரெட் முர்ரே என்ற அறிஞரும் அப்போது இதே கருத்தைச் சொல்லிவந்தார். இன்றைய வரலாற்றாய்வாளர்கள் அதை ஏற்பதில்லை.

அதை வெளியே சொல்லவும் ஒரு தடை இருந்தது. மந்திர சக்தி இருப்பதாகச் சொல்லிக்கொள்வதே குற்றம் என்றது 1735-ஆம் வருஷச் சட்டம். 1944-ல்கூட, ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன ஹெலன் டங்கன் என்ற பெண்ணுக்கு இதன்கீழ் 9 மாதச் சிறை விதிக்கப்பட்டது. 1951-ல் அந்தச் சட்டம் ரத்தானது. 1954-ல் கார்ட்னர் தன் மதத்தைப் பற்றி நேரடியாகவே புத்தகம் போட்டார். ஐல் ஆஃப் மேன் தீவில் இருந்த சூனிய அருங்காட்சியகத்தையும் அதே வருஷம் விலைக்கு வாங்கினார்.

கேள்வி கேட்ட பெண்

1953-ல் சேர்ந்த டோரீன் வாலியண்ட், பழமையானவை என்று கார்ட்னர் காட்டிய சடங்கு வரிகளில் பல, அலிஸ்டர் க்ரௌலி என்ற மந்திரவாதியின் எழுத்திலிருந்து வந்தவை என்று கண்டுபிடித்தார். கார்ட்னர் மறுக்கவில்லை, முடிந்தால் நீயே நன்றாக எழுது என்று விட்டுவிட்டார். இன்று விக்காவினர் சொல்லும் பல வழிபாட்டு வரிகள் டோரீன் எழுதியவை.

ஆனால் 1957-ல் பிரிவு வந்தது. பத்திரிகைக்காரர்களிடம் அளவுக்கு மீறிப் பேசுகிறார் என்று டோரீனும் மற்றவர்களும் கட்டுப்பாடு கேட்டார்கள். உடனே கார்ட்னர், பழங்காலச் சட்டங்கள் என்று ஒரு பட்டியலை நீட்டினார். இளம்பெண் ஒருத்தி வந்தால் தலைமைப் பூசாரிணி வழிவிட வேண்டும் என்பதும் அதில் இருந்தது. தெய்வத்தையே பெண்ணாகக் கும்பிடும் மதத்தில் இப்படி ஒரு விதியா? டோரீன் வெளியேறினார். கார்ட்னர் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்ட டாக்டர் பட்டமும் உண்மை இல்லை என்பது தெரியவந்தது.

கடைசிப் பயணம்

1964 பிப்ரவரியில், லெபனானிலிருந்து கப்பலில் திரும்பும் வழியில் மாரடைப்பால் இறந்தார். வயது 79. துனிஸில் அடக்கம் செய்தார்கள்.

அதற்குள் அவருடைய வழிமுறை அமெரிக்காவுக்குப் போயிருந்தது. 2007-ல், இறந்த ராணுவ வீரர்களின் கல்லறைக் கல்லில் விக்காவின் ஐந்துமுனை நட்சத்திரத்தைப் பொறிக்க அமெரிக்க அரசு சம்மதித்தது. கார்ட்னர் சொன்ன பழங்கதையை இன்று விக்காவினரிலேயே பலர் அப்படியே நம்புவதில்லை. இருந்தும் பௌர்ணமி வந்தால் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். நிலவையும் பருவத்தையும் கவனித்து வாழ ஒரு வழி கிடைத்திருக்கிறது. அது அவர்களுக்குப் போதும்.