மூணாவது பெஸ்ட் போதும்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி, இன்னும் கொஞ்சம் நல்லா பண்ணிரலாம்னு எதையோ மாத்தி, கடைசியில எதுவுமே ஓடாமப் போன அனுபவம் உங்களுக்கு இருக்கா? அப்போ ராபர்ட் வாட்சன்-வாட் பத்தி நீங்க தெரிஞ்சுக்கணும்.

1892-ல் ஸ்காட்லாந்தின் பிரீக்கின் என்ற சின்ன ஊரில், ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். டண்டீயில் இன்ஜினியரிங் முடித்து, முதல் உலகப் போர் சமயத்தில் வானிலைத் துறையில் சேர்ந்தார். மின்னல் வெட்டும்போது ரேடியோ கரகரக்கும் இல்லையா? அது எந்தத் திசையிலிருந்து வருதுன்னு ஆன்டெனா வெச்சுப் பிடிச்சு, இடிமழை எங்கேன்னு விமானிகளுக்கு முன்கூட்டியே சொல்லணும். அதுதான் வேலை. சிக்னலோ கண் சிமிட்டுறதுக்குள்ள போயிடும். அதைப் பார்க்க ஆசிலோஸ்கோப்பைக் கொண்டுவந்தார்.

1935 ஜனவரியில் பிரிட்டிஷ் விமானத்துறை அவரிடம் ஒரு விசித்திரமான கேள்வியை அனுப்பியது. ரேடியோ அலையால் விமானியைக் கொல்லும் மரணக் கதிர் சாத்தியமா? அவர் அதைத் தன் உதவியாளர் அர்னால்ட் வில்கின்ஸிடம் வேற மாதிரி கொடுத்தார்: ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நாலரை லிட்டர் தண்ணியை 98-லிருந்து 105 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சூடாக்க எவ்வளவு பவர் வேணும்? அது மனுஷ ரத்தத்தின் கணக்குன்னு வில்கின்ஸுக்குப் புரிஞ்சுபோச்சு. கணக்குப் போட்டா, நடக்காத காரியம். சரி, கொல்ல முடியாது. வேற எப்படி உதவலாம்னு பேச்சு வந்தப்போ, விமானம் பறந்தா சிக்னல் தடுமாறுதுன்னு தபால்துறை இன்ஜினியர்கள் குறிச்சு வெச்சிருந்ததை வில்கின்ஸ் ஞாபகப்படுத்தினார். ராடாரின் கதை இங்கேதான் திரும்புது. (இதுக்கு முன்னாடியே, 1904-ல், ஜெர்மனியில் ஹுல்ஸ்மையர் ரேடியோ எதிரொலியால் கப்பலைக் கண்டுபிடிச்சுக் காட்டியிருக்கார். யாரும் கண்டுக்கல.)

விமானப்படையில் ஆராய்ச்சிக்குப் பொறுப்பாக இருந்த டௌடிங், கண்ணால பார்க்காம காசு தர மாட்டேன்னுட்டார். 1935 பிப்ரவரி 26. புதுசா ட்ரான்ஸ்மிட்டர் கட்ட நேரம் இல்ல. டேவென்ட்ரியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பிபிசியின் சிற்றலை நிலையத்தையே பயன்படுத்திக்கிட்டாங்க. ஒரு வேனுக்குள்ள ரிசீவர். மேலே ஒரு ஹேஃபோர்ட் குண்டுவீச்சு விமானம். அதன் இறக்கை சுமார் 23 மீட்டர், அலைநீளம் 49 மீட்டர். ஏறக்குறைய பாதி, அதனால எதிரொலி நல்லாவே வரும். 13 கிலோமீட்டர் வரைக்கும் திரையில் அந்தப் புள்ளி ஆடியது. பணமும் வந்தது.

அடுத்து அவர் எடுத்த முடிவுதான் எனக்குப் பிடிச்சது. குறைந்த அலைநீளம் இருந்தா துல்லியம் கூடும்னு அவருக்கும் தெரியும். ஆனா அதுக்கான கருவிகளை உருவாக்க வருஷக்கணக்காகும். அதனால கைவசம் இருந்த தொழில்நுட்பத்தை வெச்சே, 110 மீட்டர் உயர இரும்பு டவர்களைக் கடற்கரையோரம் வரிசையா நட்டார். பெயர் செயின் ஹோம். ரெண்டாவது பெஸ்ட் வர்றதுக்குள்ள காலம் கடந்திடும், பெஸ்ட் வரவே வராது, மூணாவது பெஸ்ட்டைக் கொடுங்கன்னு அவர் சொல்றது வழக்கம். 1939-ல் போர் தொடங்கினப்போ சுமார் 20 நிலையங்கள் தயாரா இருந்தன. ஜெர்மனியிடம் இதைவிடத் துல்லியமான ராடார்கள் இருந்தன!

ஓட்டைகளும் இருந்தது. தாழப் பறந்தா தெரியாது. அதுக்குத் தனியா ஒரு ராடார் வரிசை. கரையைத் தாண்டி உள்ளே வந்துட்டா தெரியாது. அங்கே பைனாகுலரோட ஆட்கள். எல்லாத் தகவலும் டெலிபோனில் ஓர் அறைக்குப் போய், சலிக்கப்பட்டு, அங்கிருந்து போர்விமானங்களுக்குப் போகும். 1940-ல் பிரிட்டன் விமானங்கள் வானத்துல சும்மா சுத்தி எரிபொருளை வீணாக்காம, எதிரி வர்ற பக்கம் மட்டும் கிளம்ப முடிஞ்சது இதனாலதான். அவர் வேலைக்கு எடுத்த போவன், 1937-லேயே ராடாரை ஓர் ஆன்சன் விமானத்துக்குள் ஏற்றி, கடலில் கப்பல்களைக் கண்டுபிடித்தார். இன்னைக்கு முதுகுல தட்டு சுமந்து பறக்குற கண்காணிப்பு விமானங்களுக்கு மூதாதை அதுதான்.

1942-ல் சர் பட்டம், 1952-ல் 50,000 பவுண்டு பரிசு. வில்கின்ஸ் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே இதை எழுத உக்காந்தப்போதான் தெரிஞ்சது.

பின்னாளில் கனடாவில் வேகமா கார் ஓட்டி, போலீஸின் ராடாரிலேயே சிக்கி அபராதம் கட்டினார். தன்னையே கிண்டல் பண்ணி ஒரு கவிதையும் எழுதினார்.

1966-ல், 74 வயசில், கேத்தரின் ட்ரெஃபூசிஸ்-ஃபோர்ப்ஸைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். போர்க்காலத்தில் அந்த ராடார் திரைகளுக்கு முன்னாடி ராத்திரி பகலா உக்காந்திருந்த பெண்கள் படையின் முதல் தலைவி அவர். 1971-ல் அவர் போனார். 1973 டிசம்பரில் இவர். ஸ்காட்லாந்தின் பிட்லாக்ரியில் ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் புதைச்சிருக்காங்க.