சார்லஸ் வீட்ஸ்டன்: இரு கண், ஒரு காட்சி

தமிழ்நாட்டில் பிளஸ் டூவில் இயற்பியல் படித்தவர்களுக்கு வீட்ஸ்டன் என்ற பெயர் மறந்திருக்காது. ஆய்வகத்தில் ஒரு மீட்டர் நீளக் கம்பியின் மேல் தொடுசாவியை நகர்த்தி நகர்த்தி, கால்வனாமீட்டரின் முள் எங்கே சுழியில் நிற்கிறது என்று எல்லோரும் தேடியிருப்போம். அதற்கு அடிப்படை வீட்ஸ்டன் சமனச்சுற்று. பொறியியல் கல்லூரிக்குப் போனால் அதே சுற்று முதலாண்டிலேயே மறுபடியும் எதிரே வந்து நிற்கும். நான் முதுநிலைப் பட்டம் வாங்கும் வரை அந்தப் பெயர் கூடவே வந்தது. ஆனால் அந்த மனிதரைப் பற்றி எந்த வகுப்பிலும் ஒரு வார்த்தை சொல்லப்பட்டதில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சுற்று அவருடைய கண்டுபிடிப்பே அல்ல. வூல்விச் ராணுவக் கல்விக்கழகத்தில் கணிதம் கற்பித்த சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி என்பவர் 1833-ல் அதை வெளியிட்டார். பத்து வருடம் கழித்து வீட்ஸ்டன் அதன் பயன்களை விரிவாக எடுத்துச் சொன்னபோது கிறிஸ்டியின் பெயரை மறைக்காமல் குறிப்பிட்டார். உலகம்தான் கேட்கவில்லை. அவருக்கே உரிய பெரிய கண்டுபிடிப்பு வேறொன்று. நம் இரண்டு கண்களும் இரண்டு வேறு படங்களைப் பார்க்கின்றன, அந்த வேறுபாட்டிலிருந்துதான் ஆழம் என்ற உணர்வு பிறக்கிறது என்று முதன்முதலில் பரிசோதனையால் நிறுவியவர் அவர். மனிதப் பார்வையைப் பற்றிய நவீன ஆராய்ச்சியின் வாசல்களில் ஒன்று அங்கே திறந்தது.

*

சார்லஸ் வீட்ஸ்டன் 1802 பிப்ரவரி 6-ம் தேதி இங்கிலாந்தின் குளோஸ்டர் நகருக்குப் பக்கத்தில் பார்ன்வுட் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா இசைக்கருவி வியாபாரி, புல்லாங்குழல் ஆசிரியரும்கூட. 1806-ல் குடும்பம் லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. சிறுவனுக்குக் கூச்ச சுபாவம். புத்தகம் கிடைத்தால் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும் ரகம். பழைய புத்தகக் கடையில் பார்த்த, வோல்டாவின் மின் ஆய்வுகளைப் பற்றிய ஒரு நூலைக் காசு சேர்த்து வாங்கினான் என்றும், அது பிரெஞ்சில் இருந்ததால் அகராதி வாங்க மறுபடியும் காசு சேர்த்தான் என்றும் ஒரு கதை உண்டு. மின்கலம் செய்யத் தாமிரத் தகடு போதாதபோது, மிச்சமிருந்த செப்புக் காசுகளையே தகடாக அடுக்கினானாம்.

பதினான்கு வயதில் ஸ்ட்ராண்ட் தெருவில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த பெரியப்பாவிடம் தொழில் பழக அனுப்பினார்கள். விற்பதில் பையனுக்கு ஈடுபாடு இல்லை. கருவிகள் எப்படி ஒலிக்கின்றன என்பதில்தான் மனம் போயிற்று. 1821-ல், பத்தொன்பது வயதில், பால் மால் தெருவில் ஒரு மாய யாழைக் காட்சிக்கு வைத்தார். கூரையிலிருந்து தொங்கும் யாழ் யாரும் தொடாமலே பாடும். மேல்தளத்தில் வாசிக்கப்படும் பியானோவின் அதிர்வை, யாழைத் தாங்கியிருந்த கம்பியே கீழே கடத்தியது என்பதுதான் ரகசியம். காதை ஏமாற்றுவது எப்படி என்று ஆராயத் தொடங்கியவர் பின்னால் கண்ணுக்கு வந்து சேர்ந்தார்.

இடையில் ஒரு படியும் உண்டு. 1827-ல் அவர் செய்த கலைடோஃபோன் என்ற சிறு கருவியில், அதிரும் கம்பியின் நுனியிலுள்ள பளபளப்பான மணி ஒளிக்கோடுகளாக வளைந்து வளைந்து கோலம் போடும். அதிர்வைக் கண்ணால் பார்க்கலாம். டேவிட் ப்ரூஸ்டர் என்ற ஸ்காட்லாந்து அறிஞரின் கலைடோஸ்கோப்பை மனதில் வைத்துத்தான் அந்தப் பெயர். அந்த ப்ரூஸ்டரே பின்னால் அவருக்குப் பெரும் தலைவலியாக வருவார்.

1834-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரி அவரைப் பரிசோதனைத் தத்துவப் பேராசிரியராக நியமித்தது. பல்கலைக்கழகப் படிப்பு இல்லாத, இசைக்கருவி செய்கிற ஒருவருக்கு அது பெரிய மரியாதை. ஆனால் பேராசிரியருக்கு மேடை என்றால் நடுக்கம். அடுத்த வருடம் ஒலியைப் பற்றிச் சில சொற்பொழிவுகள் ஆற்றினார்; அதன் பிறகு வகுப்பு எடுப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். நண்பர்கள் நடுவில் சரளமாகப் பேசுகிறவர், கூட்டத்தைக் கண்டால் வாயடைத்துப் போவார். அவருடைய ஆய்வுகள் பலவற்றை ராயல் இன்ஸ்டிடியூஷன் மேடையில் விளக்கிக் காட்டியது மைக்கேல் ஃபாரடே. 1846-ல் ஒரு மாலை பேச வேண்டிய வீட்ஸ்டன் கடைசி நிமிடத்தில் மாடிப்படி வழியாக ஓடிவிட்டார், ஃபாரடே அவர் இடத்தில் நின்று பேசினார் என்பது புகழ்பெற்ற கதை. அதற்கு ஆதாரம் போதாது என்கிறார்கள் பிற்கால வரலாற்றாசிரியர்கள். ஆனாலும் அப்படி ஒரு கதை ஒட்டிக்கொள்ளும் சுபாவம்தான் அவருடையது.

*

கையை நீட்டி, கட்டைவிரலை உயர்த்தி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். விரல் பின்னணியில் இடம் மாறிக் குதிக்கும். இரு கண்களும் ஒரே காட்சியைப் பார்ப்பதில்லை என்பது கிரேக்கர் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். எவ்வளவு தேர்ந்த ஓவியமும் இரு கண்ணால் பார்க்கும் பொருளுக்கு ஈடாகாது என்று லியனார்டோ டாவின்சி கவனித்திருந்தார். ஆனால் எல்லோரும் கேட்ட கேள்வி, இரண்டு படங்கள் இருந்தும் ஏன் ஒன்றாகத் தெரிகிறது என்பதுதான். வேறுபாட்டை ஒரு தொல்லையாகவே கருதினார்கள். இரு விழித்திரைகளிலும் ஒன்றுக்கொன்று இணையான புள்ளிகள் இருக்கின்றன, அவற்றில் விழுவது ஒன்றாகத் தெரியும், மற்றவை இரட்டையாகத் தெரியும் என்பது அன்றைய கோட்பாடு.

வீட்ஸ்டன் கேள்வியைத் திருப்பிப் போட்டார். அந்த வேறுபாடு ஏதோ வேலை செய்கிறது என்றால், அதை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்ட முடியுமா? அதற்கு அவர் செய்த கருவி மிக எளிமையானது. செங்கோணத்தில் சேர்த்த இரண்டு கண்ணாடிகள். அவற்றின் விளிம்புக்கு நேரே மூக்கை வைத்துப் பார்க்க வேண்டும். இடப்பக்கச் சட்டத்தில் ஒரு படம், வலப்பக்கச் சட்டத்தில் ஒரு படம். ஒவ்வொரு கண்ணும் தன் கண்ணாடியில் தெரியும் படத்தை மட்டும் பார்க்கும். படங்கள் வெறும் கோட்டுச் சித்திரங்கள்: ஒரு கனசதுரத்தை இடக்கண் பார்ப்பது போல ஒன்று, வலக்கண் பார்ப்பது போல இன்னொன்று. நிழல் இல்லை, வண்ணம் இல்லை. அப்படியும் பார்ப்பவர் முன்னால் கனசதுரம் அந்தரத்தில் எழுந்து நின்றது. படங்களை இடம் வலமாக மாற்றினால் புடைத்தது குழிந்தது. இரண்டு பக்கமும் ஒரே படத்தை வைத்தால் வெறும் தட்டையான கோலம்.

திடத்தைப் பார்ப்பது என்ற பொருளில் கிரேக்கச் சொற்களிலிருந்து ஸ்டீரியோஸ்கோப் என்று அவரே பெயரிட்டார். 1838 ஜூன் 21 அன்று ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசிக்கப்பட்டது. ஹெர்பர்ட் மேயோ என்ற உடலியலாளர் 1833-ல் வெளியிட்ட நூலிலேயே இந்த ஆய்வைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது. அதாவது, குறைந்தது ஐந்து வருடம் வீட்ஸ்டன் வாயைத் திறக்காமல் வேலை செய்திருக்கிறார்.

மின்சுற்று படித்தவர்களுக்கு இங்கே ஒரு ஒற்றுமை தெரியும். சமனச்சுற்றில் கால்வனாமீட்டர் எந்த ஒரு பக்கத்தின் மின்னழுத்தத்தையும் அளப்பதில்லை. இரண்டு பக்கங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கிறது. இரண்டும் சமமானால் முள் சுழியில் நிற்கும். ஸ்டீரியோஸ்கோப்பும் அப்படியே: ஆழம் இடப்படத்தில் இல்லை, வலப்படத்தில் இல்லை, இரண்டின் வித்தியாசத்தில் இருக்கிறது. ஒருவர் கடன் வாங்கிய கருவியும் சொந்தமாகச் செய்த கருவியும் ஒரே கணக்கைப் போடுவது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அது அந்த மனிதரின் மனப்போக்கைச் சொல்வதாகவே படுகிறது.

அதே கட்டுரையில் இன்னொரு பரிசோதனையும் இருக்கிறது. ஒரே அளவு வட்டத்துக்குள் ஒரு கண்ணுக்கு ஏ என்ற எழுத்தையும் மறு கண்ணுக்கு எஸ் என்ற எழுத்தையும் காட்டினார். இரண்டும் கலந்து தெரியவில்லை. வட்டம் அசையாமல் இருக்க, சிறிது நேரம் ஒரு எழுத்து, பிறகு அது துண்டுதுண்டாக உடைந்து மறைய மற்ற எழுத்து என்று மாறி மாறி வந்தது. எது தெரிய வேண்டும் என்று மனவுறுதியால் தீர்மானிக்க முடியவில்லை. ஒரு படத்துக்கு வெளிச்சத்தைக் குறைத்தால் அது குறைந்த நேரமே தெரிந்தது. கண்முன் இருக்கும் பொருள் மாறவில்லை, விழித்திரையில் விழும் பிம்பம் மாறவில்லை. நாம் காண்பது மட்டும் மாறுகிறது. கவனத்தையும் பிரக்ஞையையும் ஆராய்கிறவர்கள் இந்த இருவிழிப் போட்டியை இன்றும் ஒரு முக்கியமான கருவியாக வைத்திருக்கிறார்கள்.

*

1839-ல் புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஸ்டீரியோஸ்கோப்புக்கு அதைவிடப் பொருத்தமான துணை கிடையாது. ஆனால் மேசையை அடைக்கும் கண்ணாடிக் கருவியை வீட்டுக்கு வீடு கொண்டுபோக முடியாதே. 1849-ல் ப்ரூஸ்டர், லென்ஸ்கள் பொருத்திய, கையில் பிடித்துப் பார்க்கும் பெட்டியை உருவாக்கினார். பாரிஸில் ட்யூபோஸ்க் என்ற கருவியாளர் அதைத் தயாரித்தார். 1851-ல் ஹைட் பார்க் கண்ணாடி மாளிகையில் நடந்த மாபெரும் கண்காட்சியில் விக்டோரியா ராணி அதை ரசித்தார். அதன் பிறகு கேட்க வேண்டுமா? பெட்டிகளும் படங்களும் லட்சக்கணக்கில் விற்றன. நம் ஊரில் 1984-ல் வந்த மை டியர் குட்டிச்சாத்தானுக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்த குழந்தைகளின் குதூகலம், விக்டோரியா காலத்து வரவேற்பறைகளிலேயே தொடங்கிவிட்டது.

ப்ரூஸ்டர் அதோடு நிற்கவில்லை. கருவியின் மூல யோசனையே வீட்ஸ்டனுடையது அல்ல என்று வாதிட்டார். 1856-ல் டைம்ஸ் பத்திரிகையின் கடிதப் பகுதியில் இருவருக்கும் சண்டை நடந்தது. முதல் உரிமை யாருக்கு என்பது அதில் ஒரு பாதிதான். ப்ரூஸ்டருக்குப் பார்வை என்பது ஒளியியல்: கதிர்கள் எந்தத் திசையில் வந்து எங்கே வெட்டிக்கொள்கின்றன என்ற வடிவகணிதம். வீட்ஸ்டனுக்கோ கண்ணில் ஒளி விழுந்த பிறகுதான் பார்வை ஆரம்பமாகிறது. மிச்ச வேலை மனதுடையது. 1852-ல் அவர் செய்த சூடோஸ்கோப் இதற்குச் சான்று. இரு கண்களின் பிம்பங்களையும் இடம் மாற்றித் தரும் இந்தக் கருவி வழியாகப் பார்த்தால் தேநீர்க் கோப்பையின் உட்புறம் வெளியே புடைத்து நிற்கும். பூமி உருண்டை குழிந்த கிண்ணமாகும். ஆனால் இது எப்போதும் உடனே நடக்காது. நிழலும் நாம் முன்பே அறிந்த உருவமும் சேர்ந்து மனதைப் பிடித்து இழுக்கும். வடிவகணிதம் மட்டுமே பார்வை என்றால் அந்தத் தயக்கம் எதற்கு?

பெயர் விஷயத்தில் அவருடைய ராசி கடைசிவரை விசித்திரமாகவே இருந்தது. 1837-ல் வில்லியம் குக்குடன் சேர்ந்து யூஸ்டனுக்கும் கேம்டன் டவுனுக்கும் இடையே மின்தந்தியை ஓட்டிக் காட்டினார். யாருக்குப் பெருமை என்று குக்குடனும் வழக்கு வந்து, 1841-ல் நடுவர்கள் வைத்துத் தீர்க்க வேண்டியிருந்தது. 1854-ல் அவர் உருவாக்கிய ரகசிய எழுத்துமுறை, அதைப் பரப்பிய நண்பர் ப்ளேஃபேரின் பெயரால் வழங்குகிறது. கிறிஸ்டியின் சுற்று இவர் பெயரில். இவருடைய சங்கேதம் நண்பர் பெயரில்.

1868-ல் சர் பட்டம் வந்தது. 1875 அக்டோபர் 19 அன்று, கடலடித் தந்திக்கான கருவி வேலையாகப் பாரிஸ் சென்றிருந்த இடத்தில் நுரையீரல் நோயால் இறந்தார். உடலை லண்டனுக்குக் கொண்டுவந்து கென்சல் கிரீன் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். கருவிகளையும் புத்தகங்களையும் கிங்ஸ் கல்லூரிக்கே எழுதி வைத்திருந்தார். அவர் வாழ்ந்த பார்க் கிரசென்ட் 19-ம் எண் வீட்டில் நீல வட்டப் பலகை ஒன்று உண்டு.

*

வாதத்தின் முடிவு அவர் இறந்து எண்பத்தைந்து வருடம் கழித்து வந்தது. 1960-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பேலா யூலஸ் என்ற ஹங்கேரியர், கணிப்பொறியைக் கொண்டு வெறும் புள்ளிகளை இறைத்து இரண்டு படங்கள் செய்தார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் எந்த உருவமும் இல்லை. ஒன்றில் நடுவிலுள்ள ஒரு சதுரப் பரப்பின் புள்ளிகள் மட்டும் சற்றே பக்கவாட்டில் தள்ளப்பட்டிருந்தன. ஸ்டீரியோஸ்கோப்பில் பார்த்தபோது அந்தச் சதுரம் மிதந்து எழுந்தது. பொருள் என்ன என்று தெரிவதற்கு முன்பே மூளை இரண்டு படங்களையும் ஒப்பிடுகிறது என்பது ஐயமற நிரூபணமாயிற்று. 1967-ல் பூனையின் மூளையில் இந்த வேறுபாட்டுக்கென்றே துலங்கும் நரம்பணுக்களைக் கண்டார்கள். இரண்டு காமிராக்களை வைத்துத் தூரம் கணக்கிடும் மென்பொருளுக்கும் மூலச் சிக்கல் இதுவே: இடப்படத்தின் எந்தப் புள்ளி வலப்படத்தின் எந்தப் புள்ளியோடு சேரும்? மென்பொருள் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கேட்க எளிது. செய்துபார்த்தால்தான் நம் மண்டைக்குள் சத்தமில்லாமல் நடப்பதன் அருமை தெரியும்.

சூசன் பாரி என்ற அமெரிக்க நரம்பியல் பேராசிரியருக்குச் சிறு வயதிலிருந்தே மாறுகண். அறுவைச் சிகிச்சைகள் கண்களை நேராக்கினவே தவிர, இரு கண்ணும் சேர்ந்து பார்க்கவில்லை. ஆழம் எப்படித் தெரிகிறது என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவர் அவர். ஆனால் ஒருமுறைகூட அதைப் பார்த்ததில்லை. நாற்பத்தெட்டு வயதில் கண்பயிற்சிக்குப் பிறகு ஒரு நாள் காரின் ஸ்டியரிங் வளையம் தனியாக முன்னால் வந்து நின்றது. பின்னர் ஒரு பனிப்பொழிவில், எதிரே ஒரு தட்டையான திரையாக விழுந்துகொண்டிருந்த பனி, அன்றுதான் தன்னைச் சுற்றிலும் விழுவதைக் கண்டார். ஆலிவர் சாக்ஸ் 2006-ல் இதை எழுதி உலகறியச் செய்தார்.

பாடமாக எத்தனை முறை படித்தாலும் அந்தப் பனியின் நடுவே நிற்பதற்கு ஈடாகாது. கூட்டத்தின் முன் பேச வராத வீட்ஸ்டன் இரண்டு கண்ணாடிகளைச் செங்கோணத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னதும் அதனால்தான் போலும்.