திருநாவுக்கரசு நாயனார் சரித்திரமும் சமணரைக் காட்டும் முறையும்

வவுணதீவு முதலாகிய படுவான்கரை ஊர்ப் பாடசாலைகளிலே சைவசமயபாடங் கற்பிக்கும் ஆசிரியர்கள், திருநாவுக்கரசு நாயனார் சரித்திரத்தை மாணாக்கருக்கு எடுத்துரைக்கும்போது, அதனுள்ளே வருஞ் சமணரை எவ்வாறு காட்டுவது என்பது சிந்திக்கற்பாலது. மட்டக்களப்பு வாவியைக் கடந்தவுடன் பள்ளிவாசலையுங் கிறிஸ்து ஆலயத்தையும் காணும் பிள்ளைகள், அக்காலத்து வாதச்சொற்களை இக்காலத்து அயலார்மேல் ஏற்றிக்கொள்ளுதல் கூடுமன்றோ?

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகனாராய்த் தோன்றியவர் மருணீக்கியார். தாய்தந்தையர் இறந்தனர். தமக்கையார் திலகவதியாருக்கு மணம்பேசப்பட்ட கலிப்பகையாரும் போரிலே பட்டனர். தம்பியார்பொருட்டு அம்மையார் உயிர்தாங்கினார். நிலையாமையை உணர்ந்த மருணீக்கியார் மெய்ந்நெறி நாடிப் பாடலிபுத்திரத்துச் சமணப்பள்ளியை அடைந்தார். அது கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூராம். கி. பி. 458 இல் சர்வநந்தி என்னுஞ் சமணமுனிவர் உலோகவிபாகம் என்னும் நூலை அவ்வூரிலே இயற்றினர் என்ப. அத்தகைய கல்விநிலையத்திலே பயின்று, பௌத்தரை வாதில் வென்று, தருமசேனர் என்னும் பெயரும் பெற்றார்.

பின்னர்ச் சூலைநோயால் வருந்தித் திருவதிகை சென்று, தமக்கையார் அளித்த திருநீற்றை அணிந்து, பதிகம் பாடி நோய்நீங்கித் திருநாவுக்கரசரானார். சமணர் தம் வாழ்வு கெடுமென அஞ்சிப் பல்லவனிடம் பொய்கூறினர் என்றும், அவன் நீற்றறை, நஞ்சு, யானை, கடல் என்பவற்றால் நாயனாரை வருத்தினான் என்றும், ஈற்றிலே சைவனானான் என்றும் பெரியபுராணங் கூறும். அவ்வரசன் முதலாம் மகேந்திரவர்மன் என ஆராய்ச்சியாளர் கொள்வர். பிறநெறியினின்று இலிங்கவழிபாட்டுக்கு மீண்டமையை அவனது சிராப்பள்ளிக் குகைக் கல்வெட்டுக் குறிக்கின்றது.

இங்கே இரண்டு கருதுக. முதலாவது, சேக்கிழார் பாடியது 12 ஆம் நூற்றாண்டில். நாயனார் வாழ்ந்தது 7 ஆம் நூற்றாண்டில். இடைப்பட்டன ஏறக்குறைய 500 ஆண்டுகள். இரண்டாவது, மயிர்பறித்தல், நீராடாமை, நின்றுண்டல் என்பவற்றை நம்மவர் இகழ்ந்தனர். சமணருக்கோ அவை முறையே துன்பம்பொறுத்தலும், நீர்வாழுயிரைக் காத்தலும், உண்கலமும் உடைமையாகக் கொள்ளாமையுமாம். செயல் ஒன்றே, காணுங் கண் வேறு.

இவ்வழக்கம் ஒரு சமயத்தார்க்கே உரியதுமன்று. சமணநூலாகிய நீலகேசி பௌத்தரை மறுக்கின்றது. மகேந்திரவர்மனே மத்தவிலாசம் என்னும் நாடகத்திலே காபாலிகரையும் பாசுபதரையும் பௌத்தபிக்குவையும் நகையாடினான். மணிமேகலையோ பிறசமயக் கணக்கர் ஒவ்வொருவருந் தத்தங் கொள்கையைத் தாமே உரைக்கக் காட்டுகின்றது. மாற்றார் கொள்கையை அவர் வாயாற் கேட்டறியும் அம்முறை ஆசிரியர்க்கு மிகவும் ஏற்றது.

வாதம் நிகழ்ந்த காலத்தும் அதன் பின்னுங் கல்வியுறவு அறுந்ததில்லை. நாம் இலக்கணங் கற்கும் நன்னூல், பவணந்தி என்னுஞ் சமணமுனிவர் செய்தது. சைவராகிய சங்கரநமச்சிவாயர் அதற்கு விருத்தியுரை வகுத்தார். சிவஞான முனிவர் அதனைத் திருத்தினார். நல்லைநகர் ஆறுமுகநாவலர் காண்டிகையுரை எழுதிப் பதிப்பித்தார். தஞ்சமயத்தில் உறைத்துநின்ற இவர்களுள் ஒருவரும் சமணர் நூலென்று அதனைத் தள்ளிற்றிலர்.

நாயனார் உழவாரப்படையேந்தித் திருக்கோயில்தோறுந் தொண்டுசெய்து, 81 ஆம் வயதிலே, சித்திரைச் சதயத்தன்று, திருப்புகலூரிலே சிவபதம் அடைந்தனர் என்பது மரபு. தம்மை வருத்திய அரசன் வந்து பணிந்தபோது பழிவாங்க நினையாமையே அவர் பெருமை. ஆதலின், ஆசிரியர்காள், நாயனாரது அஞ்சாமையையும் பொறையையும் பிள்ளைகள் உள்ளத்திலே பதியவையுங்கள். சமணரைக் குறிக்குமிடத்து, அவர் கொள்கை இதுவென்று முதலிலே சொல்லி, நம்மவர் மறுத்த காரணத்தைப் பின்னர்ச் சொல்லுங்கள். சரித்திரமும் குறைவுபடாது, அயலார்மேற் பகையும் விளையாது.