பறிபோன முதுசத்தை மீட்ட சைமன் பிரேசர்

தந்தை ஆடிய அரசியல் சூதாட்டத்துக்கான விலையை மகன் செலுத்த நேர்வது வரலாற்றில் புதிதல்ல. ஆனால், அவ்வாறு இழந்ததை முப்பது ஆண்டுகளுக்குள் மீட்டுக்கொண்டோர் மிகச் சிலரே. ஸ்கொட்லாந்தின் மலைநாட்டுப் பிரபு வம்சத்தில் 1726 இல் பிறந்த சைமன் பிரேசர் அவர்களுள் ஒருவர்.

1745 இல் ஸ்டுவர்ட் வம்ச இளவரசர் சார்ள்ஸ், பிரித்தானிய முடியைக் கைப்பற்றக் கிளர்ச்சிக் கொடி உயர்த்தினார். அப்போது சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த சைமனை, அவரது தந்தையான லோவற் பிரபு அழைத்துப் பிரேசர் குலத்தவரின் தலைமையில் நிறுத்திக் கிளர்ச்சியாளர் பக்கம் அனுப்பினார். அதேவேளை, தமது மகன் சொற்கேளாதவன் என்று அரச தரப்பினரிடம் முறையிட்டுக்கொண்டுமிருந்தார். இந்த இரட்டை வேடம் பலிக்கவில்லை. 1746 ஏப்ரலில் கலொடன் களத்தில் கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது. 1747 ஏப்ரல் 9 ஆம் திகதி இலண்டனில் முதியவரின் தலை துண்டிக்கப்பட்டது. பிரித்தானியாவில் இத்தண்டனைக்குள்ளான கடைசி மனிதர் அவரே. பட்டமும் நிலமும் பறிமுதலாயின. மகனோ எடின்பரோ கோட்டையில் சிறையிருந்தார்.

1750 இல் மன்னிப்புப் பெற்ற சைமன் சட்டத்தரணியானார். 1752 இல் கிளர்ச்சிக் குடும்பத்தவரான ஜேம்ஸ் ஸ்டுவர்ட் கொலைக் குற்றச்சாட்டின் பேரில் விசாரிக்கப்பட்டபோது, கொலையுண்டவரின் விதவைக்காக அவர் வழக்குத்தொடுநர் தரப்பில் தோன்றினார். நிரபராதி எனப் பிற்காலத்தில் பலராலும் கருதப்பட்ட ஸ்டுவர்ட் தூக்கிலிடப்பட்டார். அரச விசுவாசத்தை நிரூபிக்க சைமன் கொடுத்த விலை அது என்பாரும் உளர்.

1757 இல் பிரான்சுடனான போருக்குப் படை திரட்டும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலபுலம் எதுவும் கைவசமில்லாத அவரது பெயரை நம்பியே ஆயிரத்துக்கு மேற்பட்ட மலைநாட்டினர் சில வாரங்களில் திரண்டனர். மலைநாட்டு உடை சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருந்த அக்காலத்தில், அரச படையில் சேர்ந்தோருக்கு மாத்திரம் அதனை அணிய அனுமதியிருந்தது. 1758 இல் லூயிஸ்பேர்க் முற்றுகையிலும் 1759 இல் கியூபெக் சமரிலும் அப்படையணி பொருதது. கனடியக் களத்தில் சைமனும் காயமுற்றார். 1763 இல் படையணி கலைக்கப்பட்டபோது பலர் கனடாவிலேயே குடியேறினர். அவர்களின் சந்ததியினரில் பலர் பின்னர் பிரெஞ்சு மொழி பேசுவோராகினர்.

1761 முதல் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய சைமனுக்கு, 1774 இல் தனிச் சட்டமொன்றின் மூலம் ஏறத்தாழ 21,000 பவுண் செலுத்தியதன் பேரில் குடும்ப நிலங்கள் திருப்பியளிக்கப்பட்டன. பட்டம் மட்டும் கிடைக்கவில்லை. மறு ஆண்டே அமெரிக்கப் போருக்காக மற்றுமொரு படையணியைத் திரட்டிக் கொடுத்தார்.

1782 பெப்ரவரியில் அவர் பிள்ளைகளின்றி மறைந்தார். மலைநாட்டு உடை மீதான தடை நீங்கியது அதே ஆண்டின் நடுப்பகுதியிலேதான். மரபுரிமை பெற்ற அவரது மாற்றாந்தாய் வழிச் சகோதரர் ஆர்ச்சிபோல்ட், தமது ஐந்து புதல்வர்களையும் பறிகொடுத்த பின் 1815 இல் இறந்தார். நிலம் தூரத்துக் கிளையொன்றைச் சென்றடைந்தது. பழைய பட்டமும் 1857 இல் அக்கிளைக்கே கிட்டியது.

தம் தந்தையைக் கொன்ற அரசுக்கே வாளேந்தியவர் என்று சைமனைப் பழிப்பதும், குலத்தின் மண்ணை மீட்டவர் என்று போற்றுவதும் எளிது. இரண்டுமே உண்மைதான். ஆயினும் அந்த மீட்சிக்கான விலையில் பவுண்களில் கணக்கிடப்பட்டது ஒரு பகுதி மாத்திரமே. மறுபகுதியைச் செலுத்தியோர், அவரது பெயரை நம்பிப் புறப்பட்டு ஊர் திரும்பாத சாதாரண குடிமக்களேயாவர். அவர்களுக்கு மீட்டெடுக்கவென முதுசம் எதுவும் இருக்கவில்லை.