இசை கெடாது படம் பிடித்தவர்

நடந்துகொண்டிருக்கும் இசையரங்கைப் படம் பிடிப்பது எளிதன்று. மண்டபத்தில் ஒளி குறைவு. வாத்தியக்காரர் ஓயாது அசைவர். சிறு சத்தமும் கேட்போர் கவனத்தைக் கலைத்துவிடும். 1920களில் இத்தொல்லை பன்மடங்காயிருந்தது. பத்திரிகைப் படப்பிடிப்பாளர் மக்னீசியப் பொடியைக் கொளுத்தியே ஒளி உண்டாக்கினர். அதனால் எழும் மின்னலும் புகையும் இசையைக் குலைத்துவிடும். அரங்கிலுள்ள ஒளியே போதும் எனச் செயலிற் காட்டியோருள் முதல்வரிசையில் வைத்தெண்ணத்தக்கவர், ஜேர்மனியரான கலாநிதி எரிக் சலொமன்.

பேர்லினில் வளமிக்க யூதக் குடும்பமொன்றில் 1886ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆந் திகதி பிறந்த சலொமன், சட்டத்துறையிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். முதலாம் உலகப் போரிற் சிறைப்பட்டுப் பிரான்சிலே சில ஆண்டுகளைக் கழித்தார். போரின்பின் வந்த பணவீக்கத்தாற் குடும்பச் செல்வம் கரைந்தது. பல தொழில்களை முயன்று, ஈற்றில் உல்ஸ்டைன் பதிப்பகத்தின் விளம்பரப் பகுதியில் அமர்ந்தார். கமராவைத் தொழிற்கருவியாகக் கைக்கொண்டபோது அவர் நாற்பது வயதைக் கடந்திருந்தார்.

அவருக்கு வாய்த்த கருவி, டிரெஸ்டன் நகரத்து எர்னெமன் நிறுவனம் 1924இல் வெளியிட்ட எர்மனொக்ஸ் என்பது. அதன் வாயகன்ற வில்லை, மங்கிய ஒளியையும் வாரிக்கொள்ளும். ஆயினும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கண்ணாடித் தட்டை மாற்றவேண்டும். வில்லையை முழுதுந் திறந்தால், ஒருவர் முகந் தெளிய, பின்னிருப்போர் முகம் மங்கும். அரங்கின் ஒளியோ, அரைச் செக்கன் அளவேனும் ஒளிபடவிடுமாறு பலவேளை வற்புறுத்தும். ஆகவே கருவியை முக்காலியில் நிறுத்தி, அசைவு ஒருகணம் அடங்கும் வரை காத்திருத்தல் வேண்டும். வில் திரும்பும் இடம், கை உயர்ந்து நிற்கும் இடம் ஆகியவற்றை முன்னுணர வல்லானுக்கே படம் வாய்க்கும். இசையைக் கேளாதவன் இசையரங்கைப் படம் பிடித்தல் அரிது.

இப்பொறுமையே சலொமனை உயர்த்தியது. படம் பிடித்தல் விலக்கப்பட்ட நீதிமன்றத்துள், 1928இல், தொப்பியினுட் கமராவை மறைத்துக்கொண்டு புகுந்தார். சர்வதேச சங்கக் கூட்டங்களில் அரசியலாளர் தம்மை மறந்திருந்த வேளைகளைப் பதிவு செய்தார். 1931இல் அப்படங்கள் நூலாயின.

1933இல் நாசிகள் ஆட்சிக்கு வரவே, மனைவியின் தாயகமாகிய ஒல்லாந்திற் குடும்பத்தோடு அடைக்கலம் புகுந்தார். அங்கும் வாத்தியக்குழுக்களையும் அவற்றை நடத்துவோரையும் படம் பிடித்தார். 1940இல் அந்நாடும் நாசிகள் வசமாயிற்று. கருவியை மறைத்து உலகைக் கண்டவர், உயிரைக் காக்கத் தாமே மறைந்து வாழ நேர்ந்தது. காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்ட அவர், 1944ஆம் ஆண்டு ஜூலை 7ஆந் திகதி அவுஷ்விற்ஸ் முகாமில் மாண்டார். மனைவியும் இளைய மகனும் அம்முகாமிலேயே மடிந்தனர்.

இங்கிலாந்திலிருந்த மூத்த மகன் உயிர்தப்பி, எஞ்சிய படங்களைத் தேடித் திரட்டினார். பேர்லினிலுள்ள கலைக்கூடம் ஒன்று அவற்றைப் பேணி வருகின்றது. பிறர் இசைக்கும் வேளையிலே தம்மிருப்பையே உணர்த்தாது நின்ற பண்பாளரை இருக்கவே விடாது அழித்தது ஓர் அரசு. அந்த அரசு ஒழிந்தது. அரைச் செக்கனில் அவர் பிடித்த ஒளி இன்னும் மங்கவில்லை.